நர்சிங் ஹோம் சேர்க்கையில் கையெழுத்தான ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம்: அமெரிக்காவில் எப்போது செல்லும், எப்போது செல்லாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. எழுந்து நடமாட முடியாத முதியவர்களும், அறுவை சிகிச்சை முடிந்து தேறி வருகிறவர்களும் 24 மணி நேரச் செவிலியர் பராமரிப்பில் தங்கும் இடம் அது. சேர்க்கிற அன்று குடும்பத்தின் முன் ஒரு காகிதக் கட்டை வைப்பார்கள், அல்லது டேப்லெட்டை நீட்டுவார்கள். கட்டணம், உணவு, சலவை, படம் எடுக்க அனுமதி என்று போகும் தாள்களுக்கு நடுவே ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமும் (தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் போவோம் என்ற உடன்பாடு) இருக்கும். படுக்கைப்புண் எலும்புவரை போய்விட்டது, விழுந்து இடுப்பு முறிந்தது, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று குடும்பம் வழக்குப் போடும்போது, ஹோமின் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான். அங்கே தொடங்கும் சண்டையைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

அதில் கையெழுத்துப் போட்டால் எதை இழக்கிறோம்?

ஜூரி எனப்படும் பொதுமக்கள் குழுவின் முன்பு வழக்காடும் உரிமையை. நீதிபதிக்குப் பதிலாக, கட்டணம் வாங்கும் ஒரு நடுவர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் அவர் வக்கீலாகவோ ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ இருப்பார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஹோமிடமிருந்து எத்தனை ஆவணம் கேட்கலாம், எத்தனை ஊழியர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு போட்டிருப்பார்கள். பராமரிப்புக் குறைபாட்டு வழக்குகளில் இதுதான் பெரிய அடி. இரவுப் பணியில் எத்தனை பேர் இருந்தார்கள், நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதற்கான சான்று முழுவதும் ஹோமின் கையில்தான் இருக்கிறது.

மேல்முறையீடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. 1925-ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, ஊழல், மோசடி, வெளிப்படையான பாரபட்சம், முக்கியச் சான்றைக் கேட்க மறுத்தது, அதிகாரத்தை மீறியது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யும். அதையும் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மாநிலச் சுகாதாரத் துறையிடமும் ஆம்பட்ஸ்மன் எனப்படும் முதியோர் நலக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் கொடுக்கும் உரிமை போகாது. போலீஸுக்குப் போவதையும் எந்த ஒப்பந்தமும் தடுக்க முடியாது.

கையெழுத்துப் போடாவிட்டால் இடம் தரமாட்டோம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. மெடிகேர் (முதியோருக்கானது), மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கானது) என்ற அரசுக் காப்பீடுகளின் பணம் வாங்கும் ஹோம்களுக்கு சிஎம்எஸ் என்னும் மத்திய நிறுவனம் விதி வகுத்திருக்கிறது. 2016-இல் அது தகராறுக்கு முன்பே போடப்படும் இத்தகைய ஒப்பந்தங்களை முழுவதுமாகத் தடை செய்தது. ஹோம்களின் சங்கம் வழக்குத் தொடர, மிசிசிப்பியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையை நடைமுறைக்கு வரும் முன்பே நிறுத்திவைத்தது. 2019 ஜூலையில் திருத்திய விதி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 16 முதல் அமலில் இருக்கிறது. தடை போய்விட்டது, நிபந்தனைகள் வந்தன:

- கையெழுத்தைச் சேர்க்கைக்கோ தொடர்ந்து பராமரிப்பதற்கோ நிபந்தனையாக்கக் கூடாது. அப்படி நிபந்தனை இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும்.
- நோயாளிக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ புரியும் விதத்தில், புரியும் மொழியில் விளக்க வேண்டும். புரிந்தது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.
- இரு தரப்பும் ஏற்கும் நடுநிலையான நடுவர், இரு தரப்புக்கும் வசதியான இடம்.
- கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை.
- அதிகாரிகளிடமோ ஆம்பட்ஸ்மனிடமோ பேசுவதைத் தடுக்கும், தயங்கவைக்கும் வாசகம் இருக்கக் கூடாது.

தகராறு நடுவரிடம் முடிந்தால் ஒப்பந்தத்தையும் தீர்ப்பையும் ஹோம் ஐந்து ஆண்டு வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும். இந்த விதியையும் ஹோம்கள் எதிர்த்தன. 8-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் விதி செல்லும் என்றது.

ஹோம் இந்த விதியை மீறியிருந்தால் ஒப்பந்தம் தானாகச் செல்லாததாகிவிடுமா?

ஆகாது. பலர் ஏமாந்துபோகும் இடம் இது. சிஎம்எஸ் விதி, ஹோம் அரசுப் பணம் வாங்குவதற்கான நிபந்தனை. மீறினால் ஆய்வாளர்கள் குறை எழுதுவார்கள் (எஃப் 847, எஃப் 848 என்ற எண்களில்), ஹோமுக்குத் தண்டனை வரலாம். ஒப்பந்தத்தின் செல்லுபடியைத் தீர்மானிப்பது மாநில ஒப்பந்தச் சட்டம்.

ஆனாலும் அந்த மீறல் வழக்கில் பயன்படும். "சேர்க்கைக்கு இது அவசியம் என்றார்கள்", "விளக்கவே இல்லை" என்பவை நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்துக்கு வலுவான சான்றுகள். சேர்க்கை அலுவலர் யார், எத்தனை நிமிடம் பேசினார், என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த அலுவலர் வேறு வேலைக்குப் போயிருப்பார். "வழக்கமாக எல்லோருக்கும் விளக்குவோம்" என்ற பிரமாண வாக்குமூலம் மட்டும் நீதிமன்றத்துக்கு வரும்.

30 நாள் முடியவில்லை. எப்படி ரத்து செய்வது?

காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும்: நோயாளியின் பெயர், சேர்ந்த தேதி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதி, "இந்த ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்ற வரி, கையெழுத்து, தேதி. யாருக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அப்படியே செய்யுங்கள். அதோடு நிர்வாகி பெயருக்கு ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். 30 என்பது நாட்காட்டி நாள். சனி, ஞாயிறும் சேரும். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ரத்து செய்ததற்காக நோயாளியை வெளியேற்ற முடியாது.

நோயாளி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்போது புதிதாக ஒரு கட்டுத் தாள் வரும். அதில் அதே ஒப்பந்தம் மறுபடி இருக்கும். முதலில் ரத்து செய்துவிட்டோமே என்று கவனிக்காமல் இதில் கையெழுத்துப் போட்டால், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இவ்வளவு ஒருதலைப்பட்சமாக இருக்கிறதே, மாநில நீதிமன்றம் மொத்தமாகத் தள்ளிவிட முடியாதா?

முயன்று பார்த்தார்கள். மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றம், நர்சிங் ஹோமில் ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் முன்கூட்டியே போட்ட ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு விரோதம் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் மார்மெட் வழக்கில் அந்தத் தீர்ப்பை விலக்கியது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடற்காயத்துக்கு விதிவிலக்கு இல்லை, மாநிலம் அப்படி ஒன்றை உண்டாக்க முடியாது என்பது காரணம்.

அடுத்து கென்டக்கி. பவர் பத்திரத்தில் "நீதிமன்றத்தையும் ஜூரியையும் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உண்டு" என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் முகவரின் கையெழுத்து செல்லும் என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம். 2017-இல் கிண்ட்ரெட் வழக்கில் அதுவும் விழுந்தது. ஆர்பிட்ரேஷனை மட்டும் தனியாகக் குறிவைக்கும் விதி எந்த உருவில் வந்தாலும் செல்லாது என்று 7-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

ஆகவே, ஆர்பிட்ரேஷன் முதியோருக்குக் கெடுதல் என்ற வாதத்தால் இன்று வழக்கை வெல்ல முடியாது. எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் கேள்விகள் எஞ்சி நிற்கின்றன: கையெழுத்துப் போட்டது யார், அவருக்கு அதிகாரம் இருந்ததா, போடும்போது புத்தி தெளிவாக இருந்ததா, நிபந்தனைகள் மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவு அநியாயமானவையா. கிண்ட்ரெட் வழக்கே இதற்கு உதாரணம். அதில் இரண்டு குடும்பங்கள், இரண்டு பவர் பத்திரங்கள். ஒன்று எல்லா விஷயத்தையும் தழுவும் அளவு விரிவாக எழுதப்பட்டிருந்ததால் ஒப்பந்தம் செல்லும் என்றாகிவிட்டது. மற்றது வழக்கு கென்டக்கிக்குத் திரும்பியபோது, அதன் சாதாரணப் பொருளிலேயே ஆர்பிட்ரேஷனை உள்ளடக்கவில்லை என்று தப்பியது. ஒரு பத்திரத்தின் வாசகம்தான் வித்தியாசம்.

நோயாளி கையெழுத்துப் போடவில்லை, மகன்தான் போட்டான். செல்லுமா?

வழக்குகளில் மிகுதியானவை இங்கேதான் திரும்புகின்றன. மகன், மகள், கணவன், மனைவி என்ற உறவு மட்டும் அதிகாரம் ஆகாது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூத்த மகன் கையெழுத்துப் போடுவது நமக்குப் பழக்கம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அமெரிக்க ஒப்பந்தச் சட்டம், நோயாளி அந்த மகனுக்கு அதிகாரம் கொடுத்தாரா என்று கேட்கும். கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது ஹோம்.

ஹோம் தரப்பு மூன்று வழிகளில் முயலும். முதலாவது, நோயாளி பக்கத்தில் இருந்தார், மகன் போடுவதைப் பார்த்துத் தடுக்கவில்லை, ஆகவே அதிகாரம் கொடுத்ததுபோலத் தோன்றியது என்பது. இதற்கு நோயாளியின் நடத்தைதான் சான்று. மகன் தானே "எனக்கு அதிகாரம் இருக்கிறது" என்று சொன்னது போதாது. நோயாளி அப்போது ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்தார், அல்லது மாடி அறையில் மயக்கத்தில் இருந்தார் என்றால் இந்த வாதம் நிற்காது. இரண்டாவது, பராமரிப்பின் பயனை அனுபவித்தார், ஆகவே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது. இங்கே ஆர்பிட்ரேஷன் தாள் தனியா, சேர்க்கை ஒப்பந்தத்தின் பகுதியா என்பது முக்கியம். தனித்தாள், கட்டாயமில்லை என்றால் அந்தத் தாளால் அவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மூன்றாவது, மாநிலச் சட்டப்படி மயங்கிய நோயாளிக்காக மருத்துவ முடிவெடுக்கும் உரிமை மகனுக்கு உண்டு என்பது.

மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 2008-இல் இந்த மூன்றாவது வாதத்துக்குச் சொன்ன பதில் இன்றும் கைகொடுக்கிறது: சேர்க்கைக்குக் கட்டாயமில்லாத ஒரு தாள் மருத்துவ முடிவின் பகுதியாக இருக்க முடியாது. 2019 விதி நாடு முழுவதும் கட்டாயத்தை நீக்கிவிட்டதால் இந்த வாதம் இப்போது எல்லா இடத்திலும் பலம் பெற்றிருக்கிறது.

பவர் பத்திரம் இருந்தால்?

எந்தப் பவர் என்று பாருங்கள். மருத்துவ முடிவுகளுக்கு மட்டுமான பத்திரம் ஒன்று, சொத்து, பணம், வழக்கு விவகாரங்களுக்கான பத்திரம் மற்றொன்று. மருத்துவப் பவரை மட்டும் வைத்திருப்பவர் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் போட முடியாது என்று மேரிலாந்து 2010-இலும் மாசசூசெட்ஸ் 2014-இலும் தீர்ப்பளித்தன. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஹாரட் வழக்கில் அதையே சொன்னது: ஹோமைத் தேர்ந்தெடுப்பது மருத்துவ முடிவு, தகராறை எங்கே தீர்ப்பது என்பது மருத்துவ முடிவு அல்ல. எல்லா மாநிலமும் இந்த வழியில் போகவில்லை. ஆகவே உங்கள் மாநிலத் தீர்ப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள். அதன் தேதி, ஒப்பந்தத் தேதிக்கு முந்தியதா? கையெழுத்தானவுடன் அமலுக்கு வருகிறதா, அல்லது டாக்டர் செயலிழப்புச் சான்று கொடுத்த பிறகா? அப்படியானால் சான்று எப்போது வந்தது? இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்றிருந்து ஒருவர் மட்டும் போட்டாரா? "கோரிக்கைகளும் வழக்குகளும்" என்ற தலைப்பில் அதிகாரம் இருக்கிறதா? சேர்க்கும் அன்று ஹோம் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்ததா, அல்லது வழக்கு வந்த பிறகு தேடியதா? கையெழுத்துக்குக் கீழே "பொறுப்பாளர்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால், அது பணம் தொடர்பான பதவி மட்டுமே. அதனால் முகவர் அதிகாரம் வந்துவிடாது.

அம்மாவே போட்டார், ஆனால் அவருக்கு அப்போது நினைவே சரியில்லை.

மறதிநோய் இருக்கிறது என்ற ஒரு வரியால் ஒப்பந்தம் விழாது. கையெழுத்திட்ட நேரத்தில் தான் என்ன செய்கிறோம் என்று புரியும் நிலையில் அவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இதற்கான சிறந்த சான்று ஹோமின் கோப்பிலேயே இருக்கிறது. சேர்ந்த 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய முழு மதிப்பீட்டில் பிம்ஸ் என்ற நினைவுச் சோதனை உண்டு. மதிப்பெண் 0 முதல் 15 வரை. 13 முதல் 15 வரை தெளிவு, 8 முதல் 12 வரை மிதமான குறைபாடு, 7-உம் அதற்குக் கீழும் கடுமையான குறைபாடு. காலையில் 5 எடுத்தவரிடம் பிற்பகலில் பத்துப் பக்கச் சட்டத் தாளை விளக்கி ஒப்புதல் வாங்கினோம் என்று ஹோம் சொன்னால் நீதிபதி நிச்சயம் கேள்வி கேட்பார்.

பிம்ஸ் மட்டும் போதாது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், அன்றைய செவிலியர் குறிப்பு, வலி மாத்திரையும் தூக்க மருந்தும் கொடுத்த நேரம், மற்ற தாள்களில் அவர் போட்டாரா மகள் போட்டாரா என்பது எல்லாம் சேர்ந்துதான் படம் தெளியும். டேப்லெட் கையெழுத்தானால் மின் பதிவைக் கேளுங்கள். இருபது தாளும் ஒரே நிமிடத்தில் முடிந்ததாகப் பதிவு காட்டினால், "விளக்கினோம்" என்பது எடுபடாது. ஆவணங்களை வாங்க வழக்குத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய விதிப்படி நோயாளியோ பிரதிநிதியோ கேட்டால் 24 மணி நேரத்தில் (விடுமுறை நாள் நீங்கலாக) பார்க்க அனுமதிக்க வேண்டும், இரண்டு வேலை நாளில் பிரதி தர வேண்டும்.

அவர் இறந்துவிட்டார். அவர் போட்ட ஒப்பந்தம் எங்களையும் கட்டுமா?

இரண்டு வழக்குகள் உண்டு. இறப்பதற்கு முன் அவர் பட்ட வலிக்கான வழக்கு அவருடையது, எஸ்டேட் (அவர் விட்டுச்சென்ற சொத்தும் உரிமைகளும்) சார்பில் நடக்கிறது. அவருடைய ஒப்பந்தம் செல்லுமானால் இது நடுவரிடம் போகும். மரணத்தால் குடும்பம் இழந்ததற்கான வழக்கு அப்படியல்ல. மாநிலங்கள் இரண்டாகப் பிரிகின்றன. அது குடும்பத்தின் சொந்த உரிமை, கையெழுத்திடாத வாரிசுகளைக் கட்டாது என்று மிசூரி (2009), இல்லினாய் (2012), கென்டக்கி (2012) உச்ச நீதிமன்றங்கள் சொன்னன. இறந்தவர் உரிமையிலிருந்தே அது பிறக்கிறது, ஆகவே கட்டும் என்று புளோரிடா (2013), மாசசூசெட்ஸ் (2020) சொன்னன.

முதல் வகை மாநிலத்தில் வழக்கு உடையும். அதே படுக்கைப்புண், அதே செவிலியர்கள், அதே நிபுணர் சாட்சி. ஒரு பாதி நடுவரிடம், மறு பாதி ஜூரியிடம். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2016-இல் டெய்லர் வழக்கில், இரண்டையும் சேர்த்து நடத்தச் சொல்லும் மாநில விதியைக் காட்டி ஆர்பிட்ரேஷனைத் தவிர்க்க முடியாது என்றுவிட்டது. நிபுணர் கட்டணம் இரட்டிப்பாகும். எந்த வழக்கு முன்னால் போகிறது, அதன் முடிவு மற்றதைப் பாதிக்குமா என்பதை ஆரம்பத்திலேயே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

ஒப்பந்த நிபந்தனைகளே அநியாயமாக இருந்தால்?

பல மாநிலங்களில் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்: கையெழுத்து வாங்கிய விதத்தில் அநியாயம், உள்ளடக்கத்தில் அநியாயம். நோயாளி தொடுக்கும் வழக்கு எல்லாம் நடுவரிடம் போக வேண்டும், ஆனால் பாக்கிப் பணத்துக்கு ஹோம் நேரே நீதிமன்றம் போகலாம் என்ற வாசகம் நல்ல உதாரணம். நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றம் 2020-இல் பீவி வழக்கில் இத்தகைய ஒருதலைப்பட்ச விலக்கை ஏற்கவில்லை. அதே மாநிலத்தின்மீது அதிகாரமுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் எதிர்மாறாகச் சொல்லியிருந்தது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பதே முடிவை மாற்றும்.

இழப்பீட்டு உச்சவரம்பு, காலக்கெடுவைச் சுருக்குதல், நடுவர் கட்டணத்தைக் குடும்பத்தின் தலையில் போடுதல் ஆகியவற்றையும் தேடுங்கள். ஆனால் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் செல்லுபடியாக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ஹோம் ஓராண்டு நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு இப்போது ஒப்பந்தத்தைக் காட்டுகிறது.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் இது இப்போது உங்களுக்குச் சாதகம். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்கன் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தாமதத்தால் உங்களுக்குப் பாதிப்பு வந்தது என்று காட்டத் தேவையில்லை. ஹோம் தன் உரிமைக்கு முரணாக நடந்துகொண்டது என்று காட்டினால் போதும். மாநில நீதிமன்றங்களுக்கு அவற்றின் சொந்த அளவுகோல் உண்டு.

பாலியல் வன்முறை நடந்திருந்தால்?

2022 மார்ச் 3-இல் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, முன்கூட்டியே போட்ட ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒதுக்கிவிடலாம். வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி வரம்பு போடவில்லை. சட்டம் வந்த பிறகு எழுந்த தகராறாக இருக்க வேண்டும்.

அசிஸ்டட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும்) இல்லத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மேலே சொன்ன 2019 விதி பொருந்தாது. அங்கே 30 நாள் உரிமையும் இல்லை, கட்டாயப்படுத்தக் கூடாது என்ற மத்தியத் தடையும் இல்லை. மாநிலச் சட்டமும் ஒப்பந்த வாசகமும்தான்.

வழக்கை நடுவரிடம் அனுப்பச் சொல்லி ஹோம் மனு போட்டுவிட்டது. அடுத்து என்ன நடக்கும்?

ஒப்பந்தம் உருவானதா என்பதில் உண்மையான சர்ச்சை இருந்தால், அதை மட்டும் விசாரிக்கக் குறுகிய சான்று சேகரிப்பு கேளுங்கள்: சேர்க்கை அலுவலரைக் குறுக்கு விசாரணை செய்தல், அவருக்குக் கொடுத்த பயிற்சிக் குறிப்பு, மூல ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும், மின் பதிவு. பிரமாண வாக்குமூலம் இல்லாமல் எதிர்ப்பு தாக்கல் செய்வது பெரிய தவறு. வக்கீலின் வாதம் சான்று ஆகாது. கையெழுத்திட்ட மகளே எழுதித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் "இது செல்லுமா என்பதையும் நடுவரே தீர்மானிப்பார்" என்ற வரி இருந்தால், அந்த வரியையே தனியாகக் குறிப்பிட்டு எதிர்க்க வேண்டும். விட்டுவிட்டால் செல்லுபடிக் கேள்வியும் நடுவரிடம் போய்விடும்.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு தோற்றால் ஹோம் உடனே மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்புப்படி, அந்த மேல்முறையீடு முடியும்வரை வழக்கு நின்றுவிடும். மனு வென்றால் குடும்பத்துக்கு அந்த உடனடி வாய்ப்பு இல்லை. வழக்கு நிறுத்திவைக்கப்பட்டு, நடுவர் விசாரணை முடிந்த பிறகுதான் திரும்ப முடியும். எண்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நோயாளி உயிரோடு இருந்தால் அவருடைய சாட்சியத்தை வீடியோவில் முதலிலேயே பதிவு செய்ய அனுமதி கேளுங்கள்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

அவருக்குப் புரியும் மொழியில் விளக்கியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வந்தாரா, தொலைபேசி வழியா, அவர் பெயர் கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை அழைத்து "தாத்தாவிடம் சொல்லு" என்று வாங்கியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு 'ஆர்பிட்ரேஷன்' என்பதைத் தமிழில் சொல்லத் தெரிந்திருக்குமா என்பதே நல்ல கேள்வி.

சேர்க்கப் போகிறோம். கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. போட்டால் பராமரிப்பு அதிகமாகாது, போடாவிட்டால் குறையக் கூடாது. தகராறு வந்த பிறகு ஆர்பிட்ரேஷன் வேகமாக முடியும் என்று தோன்றினால், அப்போது எல்லாத் தகவலையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளலாம். சேர்க்கை அன்று அந்தத் தாளில் "ஏற்கவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். டேப்லெட்டில் "நிராகரி" என்ற பொத்தான் இல்லாவிட்டால் அந்தத் தாளை மட்டும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். முழுக் கட்டின் பிரதியையும் வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.